நோம்பிச் செலவில் மின்பாதுகாப்புக்கு ஒரு பங்கு: ஆர்.சி.சி.பி.யா, ஒயரிங்கா, தீயணைப்பானா, விளக்கா?

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, தறியைத் துடைத்துப் பொட்டு வைத்த கையோடு பலரும் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. “தீபாவளி நோம்பிக்குள்ள வீட்டுக் கரண்ட் விஷயத்துல ஏதாச்சும் செஞ்சுடலாம்னு இருக்கேனுங்க. 5,000 ரூபாய் ஒதுக்கலாம், மிஞ்சிப் போனா 8,000. ஆர்.சி.சி.பி. போடறதா, ஒயரிங்கைப் பார்க்கறதா, தீயணைப்பான் வாங்கி மாட்டறதா, இல்ல நல்ல சீரியல் செட்டா வாங்கிட்டாப் போதுமா?”

நான்குமே நல்ல செலவுதான். ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் லைனைத் தானாக வெட்டும் ஸ்விட்ச், அது ஷாக்கிலிருந்து காக்கிறது; ஒன்று தீ பிடிக்க விடாமல் பார்க்கிறது, ஒன்று பிடித்த தீயை அணைக்கிறது, இன்னொன்று ஆபத்தை வீட்டுக்குள் கொண்டு வராமலே இருக்கிறது. என் முடிவை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: கொங்கு நாட்டில் சொந்த வீட்டில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு முதல் செலவு ஆர்.சி.சி.பி. அதைப் பொருத்த வரும் எலெக்ட்ரீஷியனை வைத்தே வீட்டு இணைப்புகளின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி முடுக்கிவிட வேண்டும். இது பொருந்தாத வீடுகளும் இருக்கின்றன. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

இந்த நான்கு மாதத்தில் என்ன நடக்கிறது

நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் இருக்கிறது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இருக்கின்றன. தீபாவளியும் கார்த்திகை தீபமும் சரியாக அந்த மழைக்குள்தான் வருகின்றன. சுவர் ஈரமாக இருக்கும் நாளில்தான் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சீரியல் செட்டைச் சுற்றுகிறோம். அதற்குச் சில நாள் முன்னால் வெள்ளையடித்திருப்போம். ஸ்விட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். கிரைண்டர், மிக்சி, கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒரே காலையில் ஓடும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, வாசலில் மத்தாப்பு, திண்ணையில் அகல் விளக்கு. அப்புறம் கிறிஸ்துமஸ் ஸ்டார், பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஏணி போட்டு ஏறுவது என்று தை வரை இது தொடர்கிறது.

எதை வைத்து எடை போடுவது

கடையில் போய் நிற்பதற்கு முன்னால் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்.

1. இது எதைத் தடுக்கிறது: ஷாக்கா, தீ தொடங்குவதா, தீ பரவுவதா?
2. வீட்டில் யாரும் கவனிக்காத நேரத்திலும் தானாக வேலை செய்யுமா? நோம்பியன்று கை ஓயாது, கவனம் சிதறும். அதனால் இதற்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.
3. பில்லில் தெரியாத செலவு என்ன?
4. தீபாவளிக்குள் முடியுமா? அந்த வாரம் எலெக்ட்ரீஷியன் கிடைப்பதே பெரும்பாடு.
5. வாடகை வீட்டில் செய்ய முடியுமா?

| | ஆர்.சி.சி.பி. | ஒயரிங், இணைப்பு வேலை | தீயணைப்பான் | பாதுகாப்பான விளக்குகள் |
|---|---|---|---|---|
| எதைத் தடுக்கும் | ஷாக். கசிவால் வரும் தீயில் ஒரு பகுதி | சூடேறிப் பிடிக்கும் தீ | சிறு தீ பெரிதாவதை | வெளி அலங்காரத்தால் வரும் ஷாக், தீ |
| தானாக வேலை செய்யுமா | ஆம் | ஆம் | இல்லை, ஆள் வேண்டும் | ஆம் (அகல் விளக்கு தவிர) |
| உத்தேசச் செலவு | கூலியோடு 3,000–4,500 ரூபாய் | முடுக்கும் வேலை 1,500–3,000. முழு ஒயரிங் பல பத்தாயிரம் | 2 கிலோவுக்கு 1,500 சுமார் | சில நூறு முதல் 2,000 வரை |
| மறைந்த செலவு | பழைய ஒயரிங்கில் அடிக்கடி ட்ரிப் | சுவர் உடைப்பு, பூச்சு, பெயின்ட் | ரீஃபில், பரிசோதனை, பவுடர் சேதம் | பேட்டரி, ஆண்டுக்கொரு முறை மாற்றுவது |
| வேலை நேரம் | அரை நாள் | ஒரு நாள். முழுதானால் வாரங்கள் | உடனே | உடனே |
| வாடகை வீட்டில் | ஓனர் சம்மதம் தேவை | ஓனர் செய்ய வேண்டியது | முடியும் | முடியும் |

விலைகள் கம்பெனிக்குக் கம்பெனி, ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி.

கடைகளில் இன்னமும் பலர் இதை இ.எல்.சி.பி. என்றே கேட்கிறார்கள், எடுத்துக் கொடுப்பது இதைத்தான். “எம்.சி.பி. இருக்கே, அது போதாதா?” என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் லைனை வெட்டும் ஸ்விட்ச். அது மட்டும் போதாது. ஈரக் கையோடு இருக்கும் மனித உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாக ஓடுவது 0.23 ஆம்பியர். ஆளைக் கொல்ல அது தாராளம். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு 50 வாட் பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும். அது அசையாது. ப்யூஸ் கட்டையும் அப்படித்தான்.

ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் லைனை வெட்டிவிடும். கசிவு 0.15 ஆம்பியருக்கு மேல் போனால் 0.04 நொடிக்குள்.

இதை நம் பக்கத்துக்கு முதல் இடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எர்த், அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. சரளை, செம்மண், கொஞ்சம் தோண்டினால் பாறை: கொங்கு நாட்டின் பல ஊர்களில் நிலம் இப்படித்தான். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. எர்த்தின் தடை 20 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். எவர்சில்வர் உடம்பு உள்ள கிரைண்டருக்குள் பேஸ் ஒயர் தேய்ந்து பாடியில் தொட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, அதாவது லைனை வெட்டாது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பாடியில் கரண்ட் நிற்கும். மாவு தள்ளிவிட ஈரக் கையை வைக்கும்போதுதான் தெரியும். அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், எர்த் 20 ஓம் அல்ல, பல நூறு ஓம் ஆனாலும் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த்தே இல்லாத பாயிண்ட்டில்கூட, ஒருவர் தொட்ட நொடியில் வெட்டும். அதில் ஒரு சுரீர் உண்டு, உயிர் தப்பும். அதற்காக எர்த் வேண்டாம் என்று ஆகாது. எர்த் இருந்தால் அந்தச் சுரீரும் இல்லை.

இது செய்யாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவர்லோடுக்கு இது விழாது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தவரை இது காப்பாற்றாது. லூசான இணைப்பு சூடேறுவதும் இதன் கண்ணில் படாது.

மறைந்த செலவு பழைய வீடுகளில்தான் வரும். இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள், ஆர்.சி.சி.பி. போட்ட உடனே விழும். மழை நாளில் ஈரச் சுவரில் கசிந்து விழும். அப்போது சிலர் அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். அது விழுவதே கசிவு இருக்கிறது என்று காட்டத்தான். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துக் கண்டுபிடிக்க இன்னும் அரை நாள் கூலி ஆகும். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். “அடிக்கடி விழாதுங்க, இதை வாங்கிக்கங்க” என்று 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். ஆளைக் காப்பாற்ற 30-தான். ஐ.எஸ். 12640 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு ‘டைப் ஏ’ கேளுங்கள். த்ரீ பேஸ் வீட்டுக்கு மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் ‘ஃபோர் போல்’ வகை.

பலரும் யோசிக்காத இடம் ஒன்று, வீட்டு இன்வெர்ட்டர். மெயினில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து தன் லைனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாசல் சீரியல் செட்டை இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் செருகுவது நம் வழக்கம். அந்த லைனுக்குத் தனியாக ஒரு சின்ன ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள், அல்லது வெளி அலங்காரத்தை அந்த லைனில் கொடுக்காதீர்கள்.

பொருத்திய அன்றே, “அண்ணா, டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தி விழவில்லை என்றால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

ஒயரிங்கும் இணைப்புகளும்

வீட்டில் கரண்டால் பிடிக்கும் தீயில் பெரும்பாலும் குற்றவாளி ஒயர் அல்ல, ஒயர் போய்ச் சேரும் இடம். ப்ளக் பாயிண்ட்டின் ஸ்க்ரூ, ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், கருகிய ப்யூஸ் கட்டை. லூசான ஒரு ஜாயின்ட்டில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அங்கே மட்டும் 50 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் இருக்கும் ஈயம் உருக்கும் கம்பியைச் சுவருக்குள் செருகி மறந்துவிட்ட மாதிரி. ஓடும் கரண்ட் அளவோடுதான் இருக்கிறது, கசிவும் இல்லை. அதனால் எம்.சி.பி.யும் விழாது, ஆர்.சி.சி.பி.யும் விழாது. இதைப் பிடிக்கக் கையும் கண்ணும் மூக்கும்தான் வேண்டும்.

கீசர் பாயிண்ட்டில் பழுப்புக் கறை, பிடுங்கிய ப்ளக் கையில் சுடுவது, மோட்டார் போட்டால் லைட் மினுக்குவது, பிளாஸ்டிக் கருகிய நாற்றம் — இதில் ஒன்று இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு முதல் செலவு இதுதான், ஆர்.சி.சி.பி. இரண்டாவது.

இங்கே இரண்டு வழி இருக்கிறது. முழு ஒயரிங் மாற்றுவது ஒன்று. ஓட்டு வீடுகளில் கட்டை ஒயரிங் (மரப்பட்டி மேல் ஓடும் பழைய ஒயர்) ஓடி, எலி கடித்து, இன்சுலேஷன் பொடிந்து உதிர்கிறது என்றால் வேறு வழி இல்லை. ஆனால் அதைத் தீபாவளிக்கு முன் அவசரமாகத் தொடங்க வேண்டாம். பாதியில் நிற்கும் ஒயரிங்கோடு, தொங்கும் ஒயர்களுக்கு நடுவே நோம்பி கொண்டாடுவது இருந்ததைவிட மோசம். பொங்கல் முடிந்து வெயில் காலத்தில் செய்யுங்கள், சுவரும் காய்ந்திருக்கும். ஐ.எஸ். 694 முத்திரையுள்ள காப்பர் ஒயர், லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் பாயிண்ட்டுக்கு 2.5, கீசர் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நான் முதலில் சொன்ன ஒரு நாள் வேலை. மெயினை ஆஃப் செய்து, ஒவ்வொரு போர்டையும் திறந்து, ஸ்க்ரூக்களை முடுக்கி, கருகிய சாக்கெட்டை மாற்றி, ப்யூஸ் கட்டையில் யாரோ சுற்றிய தடித்த செப்புக் கம்பியை எடுத்துவிட்டுச் சரியான கம்பி போடுவது. இதைச் செய்த வீட்டில் ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஒரு நாள் கூலி, நாலைந்து சாக்கெட், அவ்வளவுதான். ஆர்.சி.சி.பி. போட வருகிறவரிடமே இதையும் சேர்த்துப் பேசினால் மலிவாக முடியும். லைசென்ஸ் உள்ள வயர்மேனாகப் பாருங்கள்.

மறைந்த செலவு என்று பார்த்தால், முடுக்கும் வேலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் போர்டைத் திறந்த பிறகு “இது தாங்காதுங்க” என்று சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

லோடையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 750 வாட் மிக்சியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் தாண்டிவிட்டது. 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பை 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் செருக வேண்டும், கன்வெர்ட்டர் வைத்துச் சின்னப் பாயிண்ட்டில் அல்ல.

தீயணைப்பான்

இதை வாங்கி மாட்டினால் மனதுக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை. மற்ற மூன்றும் தானாக வேலை செய்பவை. இது ஓர் ஆள் பார்த்து, பதறாமல், சரியாக அடித்தால்தான் வேலை செய்யும். 1 கிலோ சிலிண்டர் சில நொடிகளில் காலியாகிவிடும். அதனால் வாங்கினால் 2 கிலோவுக்குக் குறையாமல், ஐ.எஸ். 15683 முத்திரையோடு, ஏ.பி.சி. பவுடர் வகை வாங்குங்கள். மரம், துணி, பெட்ரோல், கரண்ட் பொருள் எல்லாவற்றுக்கும் ஆகும். வழிமுறை எளிது: பின்னை உருவி, வாசலுக்கு முதுகு காட்டி நின்று, தீயின் அடியைப் பார்த்து அமுக்கி, இடமும் வலமுமாக வீச வேண்டும். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அடுப்புக்கு மேலே மாட்டினால் தீ பிடிக்கும்போது அதை எடுக்கவே முடியாது. சமையலறைக்கு வெளியே, வாசலுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள்.

முறுக்கு, கச்சாயம் சுடும் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் இதைத் தேடி ஓட வேண்டாம். அடுப்பை அணைத்து, சட்டியைவிடப் பெரிய மூடியை ஓரத்திலிருந்து சறுக்கி மூடிவிட்டு, ஆறும் வரை திறக்காமல் விடுவதுதான் சரி. பவுடரைப் பக்கத்தில் நின்று அடித்தால் எண்ணெய் சிதறும். சூடு அடங்காததால் மறுபடி பற்றும். தண்ணீரைக் கொண்டு போகவே கூடாது. அந்த மூடிக்குச் செலவே இல்லை; எண்ணெய் காயும்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மறைந்த செலவு: முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பது, ஒருமுறை கொஞ்சம் அடித்தாலும் ரீஃபில் செய்வது, சில ஆண்டுக்கொரு முறை அழுத்தப் பரிசோதனை. அடித்த பிறகு மஞ்சள் பவுடர் வீடெல்லாம் படியும், டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் கெடுதல். கார்பன் டை ஆக்சைடு வகை சுத்தமானது, ஆனால் விலை அதிகம், எடை அதிகம். பஞ்சுக்குள் கனன்றுகொண்டிருக்கும் தீயை அது அணைக்காது.

புகை அலாரம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி: கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கும் அறைக்கு வெளியே ஒன்று வைக்கலாம், சாமி அறைக்கும் அடுப்படிக்கும் பக்கத்தில் வைத்தால் சாம்பிராணிக்கே கத்தி, கடைசியில் பேட்டரியைக் கழற்றி விடுவீர்கள்.

விளக்கு அலங்காரத்தையே மாற்றுவது

இருக்கிற தேர்வுகளில் மலிவானது இதுதான். சந்தையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல்.இ.டி. சீரியல் செட்டில் பெரும்பாலும் ட்ரான்ஸ்பார்மர் கிடையாது. பல்பு சின்னது, வெளிச்சம் குளிர்ச்சியானது என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே ஓடுவது நேராக 230 வோல்ட். தலைமுடி மாதிரி ஒயர். பல்பின் அடியில் இன்சுலேஷன் விலகினால் அந்த இடம் தொட்டாலே ஷாக். அதை ஈரமான கிரில் கம்பியில் சுற்றினால் கேட் முழுவதும் கரண்ட் ஏற வழி உண்டு. ஒன்றின் வாலில் இன்னொன்று என்று ஐந்தாறு செட்டைக் கோத்தால் முதல் செட்டின் ஒயர்தான் மொத்த லோடையும் சுமக்கும்.

அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் செட்டுக்கு என் ஓட்டு. அடாப்டர் வீட்டுக்குள், உலர்ந்த இடத்தில் இருக்கும். வெளியே போவது ஷாக் அடிக்காத அளவு வோல்ட் மட்டும். விலை இரண்டு மூன்று மடங்கு ஆகும். மழையில் நனையும் இடத்துக்கு ஐ.பி. 65 என்று போட்டதாகப் பாருங்கள். பேட்டரி செட் சாமி அறைக்கும் கோலத்துக்கும் நல்லது. வட்ட பட்டன் பேட்டரி போட்டதை மட்டும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டும், விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சோலார் செட் ஐப்பசி மேகத்தில் சார்ஜ் ஏறாமல் ஏழு மணிக்கே மங்கும். பொங்கலுக்கு வேண்டுமானால் சரி.

அகல் விளக்கில் கரண்ட் ஆபத்து இல்லை, நெருப்பு ஆபத்து உண்டு. கார்த்திகைக்கு அதை விட்டுவிட யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. வெறும் தரையில், திரைச்சீலைக்கும் கதவு நிலைத் தோரணத்துக்கும் எட்டாத இடத்தில், வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரம் மட்டும் எரியட்டும். பட்டுப்பாவாடைக் குழந்தைகள் நடக்கும் படிக்கட்டில் வரிசையாக வைக்காதீர்கள்.

எதைக் கட்டினாலும் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கம் இரும்பு ஏணியைச் சாய்க்காதீர்கள். மோட்டார் ரூம் ஸ்டார்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) விளக்குப் போடுவதும் வேண்டாம். விவசாய இணைப்பை வீட்டுக்கு எடுப்பது தப்பு என்பது ஒரு பக்கம். அந்த லைனில் ஆளைக் காப்பாற்ற எதுவுமே இருக்காது என்பதுதான் எனக்குப் பெரிது.

எந்த வீட்டுக்கு எது முதலில்

பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கட்டிய கான்கிரீட் வீடு. ஆர்.சி.சி.பி., கூடவே முடுக்கும் வேலை. 8,000-க்குள் இரண்டும் முடியும். மிச்சம் இருந்தால் அடாப்டர் செட். மெயின் போர்டில் ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. இருக்கலாம், டெஸ்ட் பட்டன் வேலை செய்தால் அந்தப் பணத்தைத் தீயணைப்பானுக்குத் திருப்புங்கள்.

வீட்டை ஒட்டித் தறிக்குடோன் இருக்கிற வீடு. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இது நிறைய. இங்கே வரிசை மாறும். பஞ்சுத் தூசு ஸ்விட்ச் போர்டு மேலும் ட்யூப் லைட் பட்டி மேலும் படிந்திருக்கும்; ஒரு பொறி போதும், கண் மூடித் திறப்பதற்குள் தீ ஓடும். முதல் வேலை மெயினை ஆஃப் செய்துவிட்டுத் தூசு எடுப்பதும் இணைப்புகளை முடுக்குவதும். அடுத்தது இரண்டு தீயணைப்பான், ஒன்று குடோன் வாசலில், ஒன்று வீட்டுப் பக்கம். பவுடர் அடித்துச் சுடர் அடங்கினாலும் பஞ்சுக்குள் கனல் இருக்கும். கரண்டை முழுசாக நிறுத்திய பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பார்த்தால்தான் முடியும். ஆர்.சி.சி.பி. வீட்டு லைனுக்குத் தனியாக.

ஓட்டு வீடு, தோட்டத்துச் சாளை, கீற்றுக் கொட்டகை. மாடு கட்டும் கட்டுத்தரைக்கு மேல் காய்ந்த தென்னங்கீற்று, பக்கத்தில் சோளத்தட்டுப் போர் இருந்தால், ஊருக்குள் யாரோ விட்ட ராக்கெட்டே போதும். தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்திருப்பது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்திலாவது ஓர் ஆள் போர் பக்கம் இருக்க வேண்டும். இங்கே 2 கிலோ பவுடரால் ஒன்றும் ஆகாது, தண்ணீர்தான் வேண்டும். ஆனால் தீ என்றதும் மெயினை ஆஃப் செய்வீர்கள், மோட்டாரும் நின்றுவிடும். அதனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் குழாயில் நீளமான ஹோஸ் ஒன்று மாட்டி, தொட்டியைக் காலையிலேயே நிரப்பி வையுங்கள். செலவு ஆயிரம் சொச்சம். கட்டை ஒயரிங் என்றால் சாளைக்குப் போகும் லைனுக்கு ஒரு ஆர்.சி.சி.பி.யும், வெயில் காலத்தில் முழு ஒயரிங்கும். கீற்றில் சீரியல் செட் கட்டவே வேண்டாம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில், வாடகைக்கு. திருப்பூரில் பாதிப் பேரின் கேள்வி இது. போர்டில் கை வைக்க முடியாது. ஒரு பெட்டியில் 25 ஆம்பியர் ஆர்.சி.சி.பி., 16 ஆம்பியர் எம்.சி.பி., இரண்டு மூன்று சாக்கெட் வைத்து, தடித்த ஒயரும் 16 ஆம்பியர் ப்ளக்கும் போட்டு எலெக்ட்ரீஷியனிடம் செய்து வாங்கலாம். மிக்சி, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாம் அதன் வழியாக. வீடு மாறும்போது கூடவே வரும். விளக்குக்கு பேட்டரி செட். ஒரே வாசலும் குறுகிய சந்தும் உள்ள வரிசை என்றால், பைக்கையும் காலி அட்டைப் பெட்டியையும் அந்தச் சந்தில் நிறுத்தாமல் இருப்பது எல்லா வீட்டாரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டில் தீ என்றால் நீங்கள் வெளியே வரும் வழி அதுதான். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு தீயணைப்பான் வாங்கினால் ஆளுக்கு முந்நூறு, நானூறில் முடியும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு. பிள்ளைகள் நோம்பிக்கு வந்துவிட்டு இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். அப்புச்சியும் அம்மாயியும் தீயணைப்பானைத் தூக்கிப் பின்னை உருவுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கும் பணத்தைத் தானாக வேலை செய்யும் பொருளில் போடுங்கள். 101 (தீயணைப்பு), 112 (அவசர உதவி) இரண்டு எண்களையும் போன் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். யாராவது ஷாக்கில் ஒட்டிக்கொண்டால் தொடாமல் முதலில் மெயினை இறக்க வேண்டும் என்றும், மெயின் எது என்றும் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

ஊருக்குப் பூட்டிப் போகிறவர்கள். கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஸ்டார், சீரியல் செட், சாமி அறைச் சின்ன பல்பு எல்லாவற்றின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, மெயினை இறக்குங்கள். ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்றால் அதன் எம்.சி.பி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இறக்கலாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் ஸ்விட்சையும் தனியாக ஆஃப் செய்ய வேண்டும். மெயினை இறக்கினாலும் அதன் லைனில் பேட்டரி தீரும் வரை கரண்ட் இருக்கும்.